பாத்திரம் ஒன்று, பண்டம் பல

பாத்திரக் கடைக்குச் சென்று ஒரு தூக்குவாளி வாங்குகிறீர்கள். "இதில் பால் வாங்கப் போகிறீர்களா, எண்ணெய் வாங்கப் போகிறீர்களா?" என்று கடைக்காரர் கேட்பதில்லை. பாலுக்கு ஒரு வாளி, மோருக்கு ஒரு வாளி, சாம்பாருக்கு ஒரு வாளி என்று பட்டறையில் தனித்தனியாகச் செய்வதும் இல்லை. கொள்ளளவும் மூடியும் கைப்பிடியும் சரியாக இருந்தால் போதும். உள்ளே எதை ஊற்றுவது என்பது வாங்குபவர் விருப்பம்.

கணிப்பொறி உலகில் நெடுங்காலம் இந்த வசதி பரவலாக இல்லை. முழு எண்களை வைக்க ஒரு பாத்திரம், தசம எண்களை வைக்க வேறொன்று, பெயர்களை வைக்க மற்றொன்று என்று நிரல் எழுதுவோர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தனர். இதனால் உழைப்பு மட்டுமா வீணாயிற்று? பிழைகளும் பெருகின. அப்பிழைகளில் ஒன்று, உலகெங்கும் பயன்பட்ட ஒரு மொழியின் நிரலகத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. அதன் கதையையும், பாத்திரத்தைப் பொதுவாக்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணா, எழுத்தா?

முதலில் ஒரு கேள்வி. கணிப்பொறியின் பாத்திரம் ஏன் உள்ளே இருப்பது எது என்று அறிய விரும்புகிறது?

கணிப்பொறியின் நினைவகத்தில் இருப்பவை 0, 1 என்னும் இரு குறிகளே. எட்டுக் குறிகள் சேர்ந்தது ஒரு பைட். ஜாவா மொழியில் 'இன்ட்' எனப்படும் முழு எண்ணுக்கு 4 பைட்கள் தேவை. 'டபிள்' எனப்படும் தசம எண்ணுக்கு 8 பைட்கள் தேவை. ஆகவே ஓர் அணியில் பத்தாவது உறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கணக்கிட, ஒவ்வோர் உறுப்பும் எத்தனை பைட் என்று தெரிந்தாக வேண்டும்.

அளவு தெரிந்தால் மட்டும் போதாது. பொருளும் தெரிய வேண்டும். நினைவகத்தில் 2949 என்ற மதிப்பு இருப்பதாகக் கொள்வோம். அது 2949 ரூபாயாக இருக்கலாம். யூனிகோடு முறையில் படித்தால் அதுவே 'அ' என்னும் தமிழ் எழுத்து! குறிகள் அவையே, அவற்றைப் படிக்கும் முறைதான் வேறு. இவ்வாறு ஒரு மதிப்பின் அளவையும், அதைப் படிக்கும் முறையையும், அதன்மீது செய்யத்தக்க செயல்களையும் சொல்லும் அடையாளத்தையே தரவினம் என்கிறோம்.

இயற்பியல் படிப்போருக்கு இது புதிதன்று. 5 மீட்டரையும் 3 கிலோகிராமையும் கூட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். எண்ணுக்கு அலகு எப்படியோ, கணிப்பொறியில் உள்ள மதிப்புக்குத் தரவினம் அப்படி.

ஓர் அடுக்கு செய்வோம்

விருந்துக் கூடத்தில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கழுவிய தட்டை மேலே வைக்கிறோம். தேவைப்படும்போது மேலே இருப்பதை எடுக்கிறோம். கடைசியாக வைத்தது முதலில் வெளிவரும். இதே ஒழுங்கில் தரவுகளை வைத்தெடுக்கும் அமைப்புக்கு அடுக்கு என்று பெயர். கட்டுரை தட்டச்சு செய்யும்போது, செய்த மாற்றங்களைப் பின்னிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வருகிறீர்கள் அல்லவா? அதற்கு உதவுவது இத்தகைய அடுக்கே. ரேஷன் கடையில் நிற்பதுபோல் முதலில் வந்தவர் முதலில் செல்லும் அமைப்பு வரிசை எனப்படும். இவ்வாறு தரவுகளை ஒழுங்குபட வைத்துக்கொள்ளும் முறைகளுக்குத் தரவுக் கட்டமைப்புகள் என்று பொதுப்பெயர்.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு கட்டமைப்பையும் அதற்குரிய செயல்களையும் சேர்த்துக் கட்டி, இனக்குழு என்னும் ஒரே தொகுப்பாக எழுதுகிறோம். கிளாஸ் என்று கணிப்பொறித் துறையினர் பேச்சில் சொல்வது இதையே. முழு எண்களுக்கான அடுக்கு இப்படி இருக்கும்:

இனக்குழு எண்_அடுக்கு
  உறுப்புகள்: முழு எண்களின் அணி
  எண்ணிக்கை: தொடக்கத்தில் 0
  இடு (முழு எண் புதியது): அணியின் முடிவில் வை; எண்ணிக்கையை 1 கூட்டு
  எடு (): அடுக்கு வெறுமையானால் பிழை எனச் சொல், இல்லையேல் எண்ணிக்கையை 1 குறை, மேலிருந்த முழு எண்ணைத் திருப்பிக் கொடு

நாளை தசம எண்களுக்கு அடுக்கு தேவைப்படுகிறது. என்ன செய்வோம்? மேற்கண்டதை அப்படியே நகலெடுத்து, 'முழு எண்' என்ற இடங்களில் 'தசம எண்' என்று மாற்றுவோம். மறுநாள் பெயர்களுக்கு இன்னொரு நகல். 8 தரவினங்களுக்கு 5 வகைக் கட்டமைப்புகள் வேண்டுமென்றால் 40 இனக்குழுக்கள் ஆகின்றன! அவற்றுள் ஒரு தரவினம் கூடினால் மேலும் 5 எழுத வேண்டும்.

நகல்களின் ஆபத்து

நகலெடுப்பது எளிதுதானே, அதில் என்ன கேடு என்று தோன்றலாம். இங்கேதான் முன்பு சொன்ன கதை வருகிறது.

அகராதியில் ஒரு சொல்லை எப்படித் தேடுகிறீர்கள்? நடுவில் திறக்கிறீர்கள். தேடும் சொல் அந்தப் பக்கத்துக்கு முன்னால் வரவேண்டியதா, பின்னால் வரவேண்டியதா என்று பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்குகிறீர்கள். மிஞ்சிய பாதியிலும் அவ்வாறே. இதுதான் இருமத் தேடல். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடுவதால், 10 லட்சம் சொற்களிலும் 20 முறை பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இதில் நடுவிடத்தைக் காண்பது எப்படி? தொடக்க இடத்தின் எண்ணையும் இறுதி இடத்தின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த கணக்கு. ஜாவா மொழியின் நிரலகத்திலும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஜோஷுவா பிளாக் என்னும் தேர்ந்த நிரலாளர். ஜான் பென்ட்லி 1986-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நிரலாக்க நூலிலும் இதே முறைதான் இருந்தது.

ஆனால் 'இன்ட்' என்னும் முழு எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. 214,74,83,647-க்கு மேல் அது செல்லாது. கூடினால் எதிர்க்குறி எண்ணாக மாறிவிடும். மீட்டர் கருவியில் 9999-க்குப் பிறகு 0000 வருவதைப் போன்றது இது. தொடக்க இடம் 120 கோடி, இறுதி இடம் 140 கோடி என்று கொள்வோம். கூட்டினால் 260 கோடி; இது எல்லையைத் தாண்டுகிறது. கணிப்பொறி தரும் விடையோ ஏறத்தாழ −169 கோடி. அதில் பாதி −85 கோடி. அணியில் அப்படி ஓர் இடமே இல்லை! நிரல் நின்றுபோகிறது.

உறுப்புகள் ஏறத்தாழ 107 கோடியைத் தாண்டினால்தான் இந்தப் பிழை தலைகாட்டும். அவ்வளவு பெரிய அணியை அந்நாளில் யாரும் பயன்படுத்தவில்லை. ஆகவே பிழை உறங்கிக் கிடந்தது. நினைவகம் பெருகியது, யாரோ ஒருவருடைய நிரல் முறிந்தது. 2006-இல் பிளாக்கே இதை வெளிப்படையாக எழுதி, உலகிலுள்ள இத்தகைய நிரல்கள் பெரும்பாலானவற்றிலும் இக்குறை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். திருத்தம் எளிது: இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்தோடு கூட்டினால் 120 கோடி + 10 கோடி = 130 கோடி. எல்லையைத் தாண்டும் பேச்சே இல்லை.

கவனிக்க வேண்டியது இனிமேல்தான். ஜாவாவின் நிரலகத்தில் இருமத் தேடல் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. பைட், ஷார்ட், இன்ட், லாங், சார், ஃப்ளோட், டபிள் என்னும் ஏழு அடிப்படைத் தரவினங்களுக்கும் தனித்தனி நகல்கள். பிற பொருள்களுக்கு வேறு நகல்கள். பிழை ஒன்று, அது இருந்த இடங்களோ பல. ஆகவே திருத்தத்தையும் ஒவ்வொரு நகலிலும் செய்ய வேண்டியதாயிற்று. ஒன்றை மறந்திருந்தால் அந்த நகல் மீண்டும் ஒருநாள் முறிந்திருக்கும். பொதுவாக எழுதியிருந்தால் பிழையே வந்திராது என்று சொல்ல முடியாது. ஆனால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லாருக்கும் திருந்தியிருக்கும்.

அடையாளத்தைத் தொலைத்தால்

நகல்களைத் தவிர்க்க ஜாவா தொடக்கத்தில் ஒரு வழியைக் கைக்கொண்டது. அம்மொழியில் எல்லா இனக்குழுக்களுக்கும் 'ஆப்ஜெக்ட்' என்னும் ஒரே மூதாதை உண்டு. எனவே பாத்திரத்தை 'ஆப்ஜெக்ட்' வைப்பதற்காகச் செய்துவிட்டால், அதன் வழித்தோன்றல்கள் எதையும் அதில் வைக்கலாம் அல்லவா?

வைக்கலாம். எடுக்கும்போதுதான் இடர். வைத்தது மாணவன் பெயர். கையில் வருவதோ வெறும் 'ஏதோ ஒரு பொருள்'. "இது பெயர்தான், என்னை நம்பு" என்று நிரல் எழுதுபவர் கணிப்பொறிக்கு உறுதி சொல்ல வேண்டும். தவறுதலாக அதே பாத்திரத்தில் ஒருவர் மதிப்பெண்ணைப் போட்டிருந்தால், அந்த உறுதி பொய்யாகிறது. நிரல் எழுதும்போது இது தெரியாது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, பயன்படுத்துபவர் கண்முன்னே அது நின்றுபோகும்.

அடையாளம் தொலைந்த மதிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு விண்வெளியில் ஒரு சான்று உண்டு. செவ்வாயை ஆராய அமெரிக்கா அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. தரையில் இருந்த ஒரு நிரல் கணத்தாக்கை பவுண்டு-விசை நொடி அலகில் தந்தது. அதைப் பெற்ற மற்றொரு நிரல் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். எண் சென்றது, அலகு செல்லவில்லை. கணிக்கப்பட்ட பாதை பிசகி, கலம் செவ்வாயை மிக நெருங்கி அழிந்தது. அலகை இழந்த எண்ணும் தரவினத்தை இழந்த பொருளும் ஒரே வகையான கேட்டை விளைவிப்பன.

கோடிட்ட இடத்தை நிரப்புக

அப்படியானால் நமக்கு வேண்டியது என்ன? பாத்திரம் பொதுவாக இருக்க வேண்டும். உள்ளிருப்பதன் அடையாளமும் தொலையக் கூடாது. இரண்டும் ஒருங்கே கிட்டுமா?

கிட்டும். நிரலில் தரவினத்தின் பெயர் வரும் இடத்தைக் கோடிட்ட இடமாக விட்டுவிட வேண்டும். சமன்பாட்டில் அறியாத மதிப்புக்கு எக்ஸ் என்று எழுதுவதுபோல, அறியாத தரவினத்துக்கு 'டி' என்று எழுதுவோம்:

இனக்குழு அடுக்கு <டி>
  உறுப்புகள்: டி-க்களின் அணி
  எண்ணிக்கை: தொடக்கத்தில் 0
  இடு (டி புதியது): அணியின் முடிவில் வை, எண்ணிக்கையை 1 கூட்டு
  எடு (): அடுக்கு வெறுமையானால் பிழை எனச் சொல், இல்லையேல் எண்ணிக்கையை 1 குறை, மேலிருந்த டி-யைத் திருப்பிக் கொடு

பயன்படுத்தும்போது அடுக்கு <முழு எண்>, அடுக்கு <பெயர்> என்று இடத்தை நிரப்புகிறோம். அடுக்கு <பெயர்> என்று சொன்ன பிறகு அதில் ஒரு மதிப்பெண்ணை இட முயன்றால், கம்பைலர் எனப்படும் மொழிமாற்றி உடனே தடுத்துவிடும். நிரல் ஓடுவதற்கு முன்பே தவறு பிடிபடுகிறது! மீட்டரோடு கிலோகிராமைக் கூட்டிய விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவது போலத்தான் இது. இத்தகையதைப் பொது இனக்குழு என்போம். முன்பு 40 எழுதினோமே, இப்போது 5 போதும். 9-ஆவது தரவினம் வந்தாலும் அதே 5 உழைக்கும்.

பாத்திரம் கேட்கும் தகுதி

அடுக்குக்குள் இருப்பது எதுவாயினும் அடுக்குக்குக் கவலை இல்லை. வைப்பதும் எடுப்பதும் மட்டுமே அதன் வேலை. ஆனால் எல்லாப் பாத்திரங்களும் இப்படி அலட்சியமாக இருக்க முடியுமா?

உறுப்புகளை ஏறுவரிசையில் வைத்திருக்கும் ஒரு பட்டியலை எண்ணிப் பாருங்கள். புதிதாக வந்ததை எங்கே நுழைப்பது என்று அறிய, இரண்டு உறுப்புகளில் எது முந்தியது என்று கேட்டாக வேண்டும். முழு எண்கள் விடை சொல்லும். சிக்கலெண்கள்? கூட்டல், பெருக்கல் விதிகளோடு முரண்படாத 'பெரியது, சிறியது' என்னும் உறவு சிக்கலெண்களுக்கு இல்லை என்பதைக் கணிதத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே இப்பட்டியல் ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும்: "டி எதுவாகவும் இருக்கலாம், ஆனால் ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும்." ஜாவாவில் இதை 'கம்பேரபிள்' என்னும் நிபந்தனையால் சொல்கிறார்கள். நல்ல பொது இனக்குழு தனக்குத் தேவையான தகுதியை மட்டுமே கேட்கும். அதற்கு மேல் ஒன்றும் கேட்காது.

இங்கே நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தமிழ் நெடுங்கணக்கில் மெய்யெழுத்துகளின் கடைசியில் நிற்பது 'ன'. யூனிகோடு அட்டவணையிலோ அது 'ந'-வை அடுத்து, 'ப'-வுக்கு முன்பே வந்துவிடுகிறது. மதி, மரம், மலை, மழை, மனம் என்பது அகராதி வரிசை. இந்தப் பட்டியலில் 'மனம்' என்ற சொல்லை, குறியீட்டு எண்களை ஒப்பிட்டு இருமத் தேடல் செய்து பாருங்கள். நடுவில் இருப்பது 'மலை'. குறியீட்டு எண்படி 'ன' என்பது 'ல'-வுக்கு முந்தியது. ஆகவே நிரல் வலப்பாதியை ஒதுக்கிவிட்டு இடப்பாதியில் தேடும். அங்கே 'மனம்' இல்லை. பட்டியலில் உள்ள சொல்லையே "இல்லை" என்று கணிப்பொறி கூறிவிடும்!

குற்றம் இருமத் தேடலில் இல்லை; ஒப்பிடும் விதியில் இருக்கிறது. அதனால்தான் நல்ல நிரலகங்களில் ஒப்பீட்டு விதியையும் கோடிட்ட இடமாக விட்டிருக்கிறார்கள். தமிழ் நெடுங்கணக்கு விதியை நாம் எழுதிக் கொடுத்தால், தேடும் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் சரியான விடை பெறலாம். வரிசைப்படுத்தியபோது கொடுத்த விதியையே தேடும்போதும் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மொழிகள் நடந்த வழி

இக்கருத்து புதிதன்று. எடின்பரோவில் ராபின் மில்னர் குழுவினர் உருவாக்கிய எம்.எல். மொழியிலும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய குளூ மொழியிலும் 1970-களிலேயே இது இருந்தது. லிஸ்கோவ் பின்னர் 2008-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார். 1983-இல் தரப்படுத்தப்பட்ட ஏடா மொழியும் இவ்வசதியைக் கொண்டிருந்தது. சி பிளஸ் பிளஸ் மொழியில் அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் வடிவமைத்த பொது நிரலகம் 1994-இல் ஏற்கப்பட்டு, 1998-இல் வெளியான தரத்தில் இடம்பெற்றது. ஜாவாவுக்கு 2004-இலும், 2009-இல் அறிமுகமான கோ மொழிக்கு 2022-இலும்தான் இது வந்து சேர்ந்தது.

எல்லா மொழிகளும் ஒரே வழியில் செல்வதில்லை. சி பிளஸ் பிளஸ் மொழிமாற்றி, நாம் நிரப்பும் ஒவ்வொரு தரவினத்துக்கும் தனி நகலைத் தானே செய்துகொள்கிறது. நிரல் விரைவாக ஓடும். ஆனால் அதன் பருமன் கூடும். ஜாவாவோ மொழிமாற்றும் நேரத்தில் தரவினங்களைச் சரிபார்த்துவிட்டு, பிறகு அந்த அடையாளத்தை அழித்துவிட்டு ஒரே நகலை ஓட்டுகிறது. பழைய நிரல்களும் கெடாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதன் விளைவாக இன்ட், டபிள் போன்ற அடிப்படைத் தரவினங்களை 'டி'-யின் இடத்தில் நேராக வைக்க இயலாமற் போயிற்று. அவற்றை ஒரு பொருளாகப் பொதிந்துதான் வைக்க வேண்டும். வசதி எதற்கும் ஒரு விலை உண்டு!

நீங்களும் எழுதிப் பாருங்கள்

முதல் முயற்சியிலேயே பொது இனக்குழு எழுத முனைய வேண்டாம். முழு எண்களுக்கு மட்டும் ஓர் அடுக்கு எழுதுங்கள். வெறும் அடுக்கிலிருந்து எடுத்தால் என்ன ஆகும், அணி நிரம்பிய பின் இட்டால் என்ன ஆகும் என்று சோதித்துத் திருத்துங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் பார்த்து, "இந்த வரி வேலை செய்ய, உள்ளிருப்பது முழு எண் என்று தெரிய வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அங்கே 'டி' என்று எழுதுங்கள். வேண்டும் என்றால் எந்தத் தகுதிக்காக என்று ஆராய்ந்து, அதை நிபந்தனையாக எழுதுங்கள்.

அடுத்ததாக, மருத்துவமனையில் நோயாளிகளை நோயின் கடுமைக்கேற்ப அழைக்கும் ஒரு வரிசையை எழுத முயலுங்கள். அது 'டி'-யிடம் எந்தத் தகுதியைக் கேட்கும்? ஒரே கடுமை உடைய இருவர் வந்தால் யாரை முதலில் அழைக்கும்? இக்கேள்விகளுக்கு விடை கண்டு, அவற்றை ஓரிடத்தில் பிழையற எழுதிவிட்டால், அதே இனக்குழு நாளை அச்சகத்தில் காத்திருக்கும் வேலைகளையும் வானிலை எச்சரிக்கைகளையும் முறைப்படுத்தித் தரும்.